ஒளிக்கு நெறி வகுத்த பஞ்சரத்தினம்

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் 1934ஆம் ஆண்டு கொல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அவருக்குத் தாய்மாமன். பெங்களூரில் இராமன் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் இளம் வயதிலேயே சேர்ந்த அவர், படிகங்களின் ஊடே ஒளி செல்லும் முறையை ஆராய்ந்தார்.

ஒளியலைகளின் அதிர்வை ஒரே தளத்தில் அமையச் செய்வதைத் தளவிளைவு என்பர். அவ்வாறு நேர்கோட்டில் அதிரும் ஒளியைச் சுழன்று செல்லும் ஒளியாக மாற்றுவது கால் அலைத்தகடு. ஆயினும், ஒற்றைத் தகடு ஒரு நிறத்துக்கு மட்டுமே செம்மையாகப் பயன்படும். பிற நிறங்களில் பிழை நேரும். ஒரே பொருளாலான மூன்று தகடுகளைக் குறித்த கோணங்களில் அடுக்கினால் அப்பிழை பெரிதும் நீங்கும் என்று பஞ்சரத்தினம் நிறுவினார். 1955ஆம் ஆண்டு அம்முடிவுகள் இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 21.

பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, ஆக்ஸ்போர்டு சென்ற அவர், 1969ஆம் ஆண்டு தம் 35ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். அவருடைய ஆய்வுகளின் அருமையை உலகம் பரவலாக உணர்ந்தது அதற்குப் பின்னரே.

இன்று கைப்பேசித் திரைகள் பலவற்றில், வெளியொளி பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளியியல் படலங்கள் ஒட்டப்படுகின்றன. பல நிறங்களுக்கும் பொருந்தும் படலத்தைப் படைத்ததாகக் கூறிக் காப்புரிமை கோருவோரின் விண்ணப்பம், சொல் சொல்லாக ஆராயப்படும். கோணம், தடிமன், பொருள், அடுக்கும் வரிசை என அதில் குறிக்கப்படும் ஒவ்வொரு கூறும் அவ்வுரிமைக்கு ஓர் எல்லைக்கல். அக்கூறுகள் அனைத்தும் முன்பு வெளிவந்த ஒரே கட்டுரையில் அமைந்திருப்பின், புதுமை இல்லை என உரிமை மறுக்கப்படும். தகடுகளைக் கோணத்தில் அடுக்குவது என்று மட்டும் பொதுப்படக் கோரினால், 1955ஆம் ஆண்டுக் கட்டுரை குறுக்கே நிற்கும். புதிய பொருளையோ அமைப்பையோ சேர்த்து எல்லையைக் குறுக்கினாலும், துறையறிந்தவர்க்கு அச்சேர்க்கை எளிதில் தோன்றக்கூடியதா என்னும் வினா எழும்.

காப்புரிமையின் காலம் 20 ஆண்டுகள். வெளியிடப்பட்ட அறிவுக்கோ காலவரம்பு இல்லை. முன்பே உலகுக்கு வழங்கப்பட்ட ஒன்றை எவரும் தமக்கே உரியதாக்கிக்கொள்ளாதவாறு அது காக்கிறது. குறுகிய வாழ்நாளில் பஞ்சரத்தினம் எழுதிய பக்கங்கள் இன்றும் அக்காவலைச் செய்து வருகின்றன.