ஓய்வும் பயிற்சியே

ஓட்டத்தில் வெற்றி பெற விரும்பும் மாணவன் தினந்தோறும் அதிக மைல்கள், அதுவும் அதிவேகமாக ஓட வேண்டும் என்ற கொள்கை அமெரிக்கக் கலாசாலைகளில் நெடுங்காலமாக வேரூன்றியது. அதற்கு எல்லை வகுத்தவர் பில் பவர்மன்.

1911-ல் போர்ட்லண்டு நகரில் பிறந்த அவர், இரண்டாவது உலக மகா யுத்தத்தில் இத்தாலிய மலைகளில் போர் புரிந்தார். 1948 முதல் சுமார் கால் நூற்றாண்டுக் காலம் ஆரிகன் சர்வகலாசாலையில் ஓட்டப் பயிற்சி ஆசானாக விளங்கினார்.

கடும் ஓட்டம் தேகத்தைத் தளர்த்துகிறது; பின்வரும் ஓய்விலேயே அது முன்னிலும் வலுப்பெறுகிறது. ஆகவே, ஒருநாள் கடும் பயிற்சி, மறுநாள் இலேசான ஓட்டம் என்று அவர் விதித்தார். அளவுக்கு மீறி ஓடியும் முன்னேற்றம் காணாத கென்னி மூர் என்ற மாணவரை, மூன்று வாரங்களுக்குத் தாம் விதித்த அளவுக்கு மேல் ஓடலாகாது என்று கட்டளையிட்டார். மனமின்றிப் பணிந்த மூர், அடுத்து ஓடிய இரண்டு மைல் பந்தயத்தில் தமது பழைய நேரத்தை வெகுவாகக் குறைத்தார். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்தார்.

பவர்மன் பயிற்றுவித்த கோஷ்டி நான்கு முறை தேசியக் கலாசாலைப் பட்டம் வென்றது. 1999-ல் அவர் காலமானார்.

மாணவரின் ஆர்வத்தைத் தூண்டிவிடுவது எளிது. அதை அடக்கியாளக் கற்பிப்பதே ஆசானின் அரிய கடமை என்பது நமது அபிப்பிராயம்.