ஹைதர் அலியும் திண்டுக்கல் ஆயுதச்சாலையும்



ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மன்றத்தில் கேட்டார்கள். எடிசன், விஸ்வேஸ்வரய்யா என்று வழக்கமான பெயர்கள் வந்தன. நம்ம மலைக்கோட்டையில் வேலை பார்த்து முன்னுக்கு வந்த ஒருவரை விட்டுவிட்டு ஏன் வெளியே தேட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் ஹைதர் அலி.

கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் 1720-ஐ ஒட்டிப் பிறந்தவர். அப்பா ஃபத்தே முகமது, ஆற்காடு நவாபின் படையில் மூங்கில் வாணம் விடும் ஐம்பது பேருக்குத் தலைவராக இருந்தவர். பையன் சிறு வயதாக இருக்கும்போதே அவர் போரில் இறந்துவிட்டார். பள்ளிப்படிப்பு கிடையாது. கடைசி வரை ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நினைவாற்றல் அபாரம். கணக்கை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டே தப்பைப் பிடித்துவிடுவாராம். மைசூர்ப் படையில் சேர்ந்து 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் வாங்கினார். 1755-ல் அவரைத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக, அதாவது படையும் வரியும் பார்க்கும் அதிகாரியாக அனுப்பினார்கள்.

ஏன் திண்டுக்கல்? வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலை. கொங்கு நாட்டிலிருந்து பழனி வழியாக மதுரைக்கு இறங்குகிற படைக்கு இதுதான் வாசல். மதுரை நாயக்கர் காலத்திலேயே பாறை மேல் கோட்டை கட்டியாகிவிட்டது. பழனி, விருப்பாச்சி பாளையக்காரர்களை அடக்குவதுதான் ஹைதருக்குக் கொடுத்த வேலை. அதைச் செய்தார், கொஞ்சம் கொடூரமாகவே செய்தார். ஆனால் என்னை இழுத்தது வேறு.

அப்போது பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஐரோப்பாவில் சண்டை போட்டால் இங்கே திருச்சியிலும் ஆற்காட்டிலும் பீரங்கி வெடிக்கும். இரண்டு பேரையும் பக்கத்திலிருந்து பார்த்த ஹைதருக்கு ஒன்று புரிந்தது. ஆள் எண்ணிக்கையில் நாம் குறைச்சல் இல்லை, கருவியில்தான் குறைச்சல். உடனே புதுச்சேரி, திருச்சி பக்கமிருந்து கைத்தொழில் தெரிந்தவர்களையும், அவர்களுக்கு வேலை காட்ட பிரெஞ்சு மேஸ்திரிகளையும் வரவழைத்தார். திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை, வெடிமருந்துச்சாலை, முறையான பீரங்கிப் படை மூன்றும் அப்படித்தான் ஆரம்பமாயின.

பீரங்கி என்றால் வெறும் குழல் இல்லை என்பது நமக்குத் தெரியும். வார்ப்புக்கு ஆள் வேண்டும். வண்டிச் சட்டத்துக்குத் தச்சர், சக்கரப் பட்டைக்குக் கொல்லர், வார் தைக்கத் தோல் வேலைக்காரர், உப்பு, கரி, கந்தகம் அளந்து கலக்க ஒருவர். ஒருவர் கை சொதப்பினாலும் சண்டை நடுவில் வண்டி உட்கார்ந்துவிடும். நம்ம ஊர்ப் பூட்டுத் தொழிலுக்கும் அந்த ஆயுதச்சாலைக்கும் முடிச்சுப் போட ஆசைதான். ஆதாரம் இல்லாமல் போட மாட்டேன்.

இத்தனை பேருக்கும் கூலி எங்கிருந்து வரும்? ஊர் வரி, போரில் பிடித்த கொள்ளை, அப்புறம் கொஞ்சம் கள்ளக் கணக்கு! வில்க்ஸ் என்ற இங்கிலீஷ் அதிகாரி எழுதி வைத்த கதை இது. சண்டையில் காயம்பட்டவனுக்கு குணமாகும்வரை மாதம் 14 ரூபாய் என்று அரசு படி கொடுத்தது. அதைச் சரிபார்க்க ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆள் வந்தபோது, 700 பேர் மஞ்சள் தடவிய கட்டுகளோடு படுத்திருந்தார்களாம். உண்மையில் காயம் 67 பேருக்குத்தான். எதிரி எழுதியது, உப்புப் போட்டே படிக்க வேண்டும். இருந்தாலும் நம்பும்படி இருக்கிறது.

1761-ல் இரண்டு காரியம் நடந்தது. மைசூர் ஆட்சி ஹைதர் கைக்கு வந்தது. அதே வருஷம் புதுச்சேரி இங்கிலீஷ்காரரிடம் விழுந்தது. ஏழாண்டுப் போரில் வேலை இழந்த பிரெஞ்சு வீரர்கள் பலர் நேரே ஹைதரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் கஷ்டகாலம் இவருக்கு லாபம்.

வாணமும் வளர்ந்தது. காகிதம் அல்லது மூங்கில் குழலில் மருந்தை அழுத்தி அடைத்தால் குழல் கிழியும். தகட்டு இரும்பைச் சுருட்டி அடித்துச் செய்த குழல் அந்த அழுத்தத்தைத் தாங்கும். மருந்தை இறுக்கி அடைக்கலாம், தூரம் கூடும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் நாம் போடுகிற ஹூப் ஸ்ட்ரெஸ் கணக்குதான் இது. குழலை நீண்ட மூங்கிலில் தோல் வாரால் கட்டி விட்டால் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாயும். குறி சரியாக இருக்காது. ஆனால் குதிரைப் படை கலைந்துவிடும்.

1769-ல் சென்னைக் கோட்டைக்குச் சில மைல் தூரம் வரை வந்து, கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார். ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவது என்று ஒப்பந்தம். 1771-ல் மராத்தியர் மைசூர் மேல் வந்தபோது கம்பெனி கையை விரித்தது. ஹைதர் அதை மறக்கவில்லை. இதற்கிடையே, சிவகங்கையில் கணவரைப் பறிகொடுத்து விருப்பாச்சியில் தங்கியிருந்த வேலு நாச்சியாருக்கு ஆதரவு கொடுத்ததும் இவர்தான். 1780-ல் அவர் சீமையை மீட்டார்.

அடுத்த சண்டைக்குத் திரி அமெரிக்காவில் இருந்தது. அங்கே விடுதலைப் போரில் பிரான்ஸ் 1778-ல் இறங்கியதும், இங்கே கம்பெனி பிரெஞ்சுத் துறைமுகங்களைப் பிடித்தது. 1779-ல் மாஹியும் போனது. ஹைதருக்குத் துப்பாக்கியும் சாமானும் வந்து இறங்கிய துறை அது. மறு வருஷம் பெரும் படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. வாணம் பட்டு வெடிமருந்து வண்டிகள் வெடித்ததுதான் காரணம் என்பார்கள். இந்தப் புகழ் எவ்வளவு தூரம் போனது என்றால், 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்து, ஒரு பிரிட்டிஷ் கப்பலையும் பிடித்தார்கள்.

ஆனால் அந்தப் படை போன வழியில் ஊர்கள் எரிந்தன. நெசவாளர் தறியை விட்டு ஓடினார்கள், பஞ்சம் வந்தது. இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

கடல் மட்டும் ஹைதர் கைக்கு வரவேயில்லை. இங்கிலீஷ்காரனுக்கு வங்காளத்திலிருந்து கப்பலில் ஆளும் அரிசியும் வந்துகொண்டே இருந்தது. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் அயர் கூட்டிடம் தோற்றார். நம்பியிருந்த பிரெஞ்சுக் கப்பல்படை 1782-ல்தான் வந்தது. அந்த டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூர் அருகே பாசறையில், முதுகில் வந்த ராஜபிளவையால் இறந்தார். மகன் திப்பு சண்டையைத் தொடர்ந்தார். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் கம்பெனிக்குப் போனது. 1799-ல் திப்புவும் வீழ்ந்தார்.

அவர்களிடம் பிடித்த வாணங்கள் இங்கிலாந்தில் வுல்விச்சுக்குப் போயின. அங்கே காங்கிரீவ் என்பவர் அந்த யோசனையை எடுத்து, மருந்து அளவை மாற்றி மாற்றிச் சோதித்து, 1805-க்குள் தன் பெயரில் ராக்கெட் ஆக்கிவிட்டார். 1814-ல் அமெரிக்கர் மேலேயே அது பாய்ந்தது. இங்கே இரும்பைச் சுருட்டி அடித்த கொல்லர் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் கைவேலை மட்டும் 2018-ல் வெளியே வந்தது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது, அந்தக் கால இரும்பு வாணங்கள் ஆயிரத்துக்கு மேல் குவியலாகக் கிடைத்தன. துருப்பிடித்த குழல்களுக்குள் அடைத்த மருந்து அப்படியே இருந்தது.