அச்சாணியை மறவாத பெரியவர்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. ஆடிப்பூரத் திருநாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாள் தேர் அசைந்து வரும் அழகைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. உயர்ந்த தேரைப் பார்த்து வியக்கிறோம். வடம் பிடிப்போரைப் பார்த்து மகிழ்கிறோம். சக்கரம் கழன்று ஓடாமல் காக்கும் அச்சாணியைக் குனிந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மோட்டார் வண்டிக்கும் அச்சாணி போன்ற சிறு உறுப்புகள் பல உண்டு. அவற்றின் பெருமையை அறிந்து, அந்த அறிவாலேயே உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்தாம் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் 1877 ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று அவர் பிறந்தார். டி.வி.எஸ். என்று இன்று உலகெங்கும் அறியப்படும் மூன்று எழுத்துக்களில் முதல் எழுத்து அந்தச் சிற்றூரைக் குறிப்பது. தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார், பிறகு இரயில்வேயில் வேலை பார்த்தார், வங்கியிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளம் தரும் உத்தியோகமே பெரிதென்று எல்லோரும் எண்ணிய காலம் அது. அவரோ அதை உதறிவிட்டு, மதுரையில் 1911 ஆம் ஆண்டு தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1912 இல் பஸ் விட்டார்.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய மண் சாலைகளில் பஸ் ஓட்டுவது எளிதா? லாடம் அடித்த மாடுகள் நடந்த வழியெல்லாம் ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். அவை டயரைக் குத்திக் கிழிக்கும். அந்த ஆணிகளைப் பொறுக்குவதற்காகவே காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டார் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவருடைய பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். நேரம் தவறாத பஸ் தானாக வந்துவிடாது. இரவு முழுவதும் பட்டறையில் ஒவ்வொரு திருகையும் பார்த்து முடுக்கிய பின்தான் காலையில் அது நேரத்துக்குக் கிளம்பும்.

அக்காலத்தில் வண்டியும் வெளிநாட்டுச் சரக்கு. அதன் உதிரிப் பாகமும் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு சிறு பாகம் உடைந்தாலும் கப்பல் வரும் வரை வண்டி நிற்க வேண்டியதுதான். வண்டியை விற்றால் மட்டும் போதாது, அதற்கு வேண்டிய பாகமும் பழுது பார்க்கும் கையும் அருகிலேயே கிடைக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். அவர் காலத்தில் எழுந்த மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்களும், தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையும் இந்த உணர்விலிருந்து பிறந்தவை.

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. பஸ்கள் நின்றுவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? அப்போதுதான் டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற சாதனம் உருவாயிற்று. வண்டியோடு இணைத்த உருளை அடுப்பில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரிப்பார்கள். அதிலிருந்து எழும் வாயுவைக் குளிர்வித்து, தூசியை வடிகட்டி, என்ஜினுக்குள் செலுத்துவார்கள். பெட்ரோலின் வேலையைக் கரி செய்தது! அந்த வாயுவில் முக்கியமானது கார்பன் மோனாக்சைடு. அது எரியும்போது வண்டியை ஓட்டும். வெளியே கசிந்து மூச்சில் கலந்தாலோ உயிரைக் குடிக்கும். ஆகவே குழாயும் குழாயும் சேரும் ஒவ்வோர் இணைப்பும் சிறிதும் கசியாமல் இருந்தாக வேண்டும்.

தோழியரே, இணைப்புகளின் இடையே கசிவைத் தடுக்க வைக்கும் மெல்லிய தகட்டுக்கு கேஸ்கட் என்று பெயர். இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடர் கார் கற்றுத் தந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வரும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து டக் டக்கென்று ஓர் ஓசை வந்தது. வண்டிக்குள் புகை நெடி. பின் இருக்கையில் இருந்த சிறு தங்கைக்குத் தலைவலி. மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து, என்ஜினும் புகைக் குழாய்களும் சேரும் இடத்தில் படிந்திருந்த கரித் தடத்தைக் காட்டினார். கேஸ்கட் எரிந்து போயிருந்தது. புகை சைலன்சர் வழியே பின்னால் போகாமல் முன்னாலேயே கசிந்திருக்கிறது. அந்தப் புகையிலும் இருப்பது அதே கார்பன் மோனாக்சைடு! நிறமும் இல்லை, மணமும் இல்லை. நல்ல வேளையாக அதோடு சேர்ந்து வந்த மற்றப் புகையின் நெடி நம்மை எச்சரித்தது. பழுது நீங்கும் வரை காரை எடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014 இல் நின்றுவிட்டது. ஆதலால் பாகத்தைத் தேடி அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தக் காரிலேயே பழைய பெட்ரோல் என்ஜின், பிற்கால இசுசூ என்ஜின், டீசல் என்ஜின் எனப் பல வகை உண்டு. ஒன்றின் கேஸ்கட் மற்றொன்றுக்குச் சேராது. ஒரு கடையில் கொடுத்ததில் துளைகள் ஒத்து வரவில்லை. இன்னொரு கடையில், ஏதாவது பசை தடவி ஓட்டுங்கள் என்றார்கள். மெக்கானிக் அண்ணன் அதற்கு இணங்கவில்லை. கழற்றிய பழைய கேஸ்கட்டையே மாதிரியாக உறையிலிட்டு மதுரைக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் சரியான பாகம் வந்து சேர்ந்தது. விலை சொற்பம், தேடல்தான் பெரிது! பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக் கூடும், அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு என்று சொல்லி, அவர் எங்களை எட்ட நிற்கச் செய்தார். இரும்பின் முகம் வளைந்திருந்தால் புதிய கேஸ்கட்டும் எரிந்துவிடும் என்பதால் சட்டம் வைத்துச் சரிபார்த்தார். நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் சிறிது சிறிதாக முடுக்கினார். என்ஜின் ஒருமுறை சூடாகி ஆறிய பின் மீண்டும் முடுக்கினார். ஓசை அடங்கியது, நெடி போயிற்று.

ஒரு வீட்டின் ஒரு காருக்கே இவ்வளவு பாடு என்றால், உதிரிப் பாகம் கப்பலில் வந்த நாளில், நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்த பஸ்களை நிற்காமல் ஓட்டியவரின் உழைப்பை என்னவென்று சொல்வது!

சுந்தரம் ஐயங்கார் தொழிலில் மட்டும் உயர்ந்தவர் அல்லர். அவருடைய மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண் என்றால் வீட்டு மூலையில் இருக்க வேண்டும் என்று ஊர் சொன்ன காலத்தில், பெற்றோர் அவரை டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார்கள். 1936 இல் மருத்துவராகி வந்த அவர், பின்னாளில் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947 இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். எத்தனையோ கிராமத்துத் தாய்மாருக்கு அங்கே மருத்துவம் கிடைத்தது. பெண்களாகிய நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தி இது.

1955 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று, 78 ஆம் வயதில், கொடைக்கானலில் அவர் மறைந்தார். அவருடைய மைந்தர்கள் தந்தையின் பாதையிலேயே சென்றார்கள். முன்பு கப்பலில் வந்த பாகங்களை நம் நாட்டிலேயே செய்ய முற்பட்டார்கள். 1961 இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962 இல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எனச் சென்னை பாடியில் தொழிற்சாலைகள் எழுந்தன. மதுரைப் பகுதியில் ஓடிய அந்த பஸ்கள் 1972 இல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின.

பெரியதைக் கண்டு வியப்பவர் பலர்; சிறியதைக் கண்டு பேணுபவர் சிலரே. நம் வீட்டில் பழுது பார்க்கும் மெக்கானிக்கும், பள்ளி வண்டியை விடியற்காலையில் துடைத்துச் சோதிக்கும் ஓட்டுநரும் அந்தச் சிலரைச் சேர்ந்தவர்கள். அவர்களை நாம் மதிப்போம். நம் கையில் தந்த வேலை எவ்வளவு சிறியதாயினும், இது போதும் என்று பசை தடவி விடாமல், சரியானதைத் தேடிச் செய்து முடிப்போம். அதுவே அப்பெரியவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும். வாழ்க அவர் புகழ்!