பனிவழி கண்ட பாம்பார்டியர்

கனடா நாட்டின் கிழக்கே கியூபெக் என்னும் மாகாணம் உள்ளது. ஆண்டில் நான்கைந்து திங்கள் அந்நிலத்தை வெண்பனி மூடிக் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள சிற்றூர் மக்களுக்குப் பனிக்காலத்தில் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியே துணை. மோட்டார் வண்டிகளோ கொட்டகையில் உறங்கும். அத்தகைய ஊர்களுள் ஒன்றான வால்கோர்ட்டில், 1907 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் ஜோசப் அர்மாண்டு பாம்பார்டியர் பிறந்தார்.

இளமையிலேயே அவருக்குப் பொறிகளின்மீது தணியாத வேட்கை இருந்தது. தந்தை அளித்த பழைய ஃபோர்டு எஞ்சினைச் செப்பனிட்டு, சறுக்குக் கட்டைகள்மீது பொருத்தி, பின்புறத்தில் விமானத்துக்குரியது போன்ற விசிறி ஒன்றை அமைத்தார். 1922 ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவ்வண்டி ஊர்த்தெருவில் ஓடியது. மூடப்படாமல் சுழன்ற விசிறியைக் கண்டு அஞ்சிய தந்தை, வண்டியை உடனே பிரித்துவிடுமாறு ஆணையிட்டார். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

மகனைக் குருவாக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். ஆயினும், அவர் குருமடத்தை விட்டு நீங்கி இயந்திரத் தொழிலைக் கற்றார். 1926 இல் வால்கோர்ட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். அருகில் ஓடிய ஓடையைத் தேக்கி, அந்நீரின் விசையால் தம் பொறிகளை இயக்கினார். கோடையில் ஊராரின் வண்டிகளைப் பழுது பார்ப்பார். பனிக்காலத்தில் தம் பனிவண்டியோடு போராடுவார்.

அது உண்மையில் போராட்டமே. சக்கரம் மென்பனியில் புதையும். ஆதலின், வண்டியின் எடையைப் பரப்பித் தாங்கச் சக்கரங்களைச் சுற்றி நீண்ட பட்டை ஒன்று வேண்டும். பட்டைக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே புகும் பனி இறுகி உறையும். பட்டை நழுவும், அன்றி அறுபடும். கடுங்குளிரில் எஃகு தன் நெகிழ்வை இழக்கும். பனிக்கடியில் மறைந்த மேடுபள்ளங்களின் அடியெல்லாம் சுருள்வில்களையும் அச்சுகளையுமே தாக்கும். உடைந்த உறுப்பை மாற்றுவது எளிது. ஆனால், புதிய உறுப்பும் அதே இடத்தில் மீண்டும் உடையும். உடைவதன் காரணத்தைத் தேடிப் பாம்பார்டியர் ஒவ்வொரு பனிக்காலமும் புதிய வண்டிகளைச் செய்து, ஓட்டி, பிரித்துப் பார்த்தார்.

1934 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. மருத்துவமனையோ ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செர்புரூக்கில் இருந்தது. சாலைகளைப் பனி அடைத்திருந்தது. பட்டறையில் ஓடத்தக்க பனிவண்டி ஒன்றும் இல்லை. குழந்தை இறந்தது.

அத்துயருக்குப் பின்னும் அவர் பட்டறையை விட்டு அகலவில்லை. 1935 இல் ரப்பர் பூசிய பற்சக்கரத்தையும், ரப்பரும் பருத்தியும் சேர்ந்த பட்டையையும் அமைத்து வெற்றி கண்டார். உலோகத்தில் பனி ஒட்டுவது போல வளைந்து கொடுக்கும் ரப்பரில் ஒட்டுவதில்லை. இதற்கு 1937 ஜூன் 29 இல் காப்புரிமை கிடைத்தது. எழுவர் அமரும் வண்டி முதலில் வந்தது. அதன் சக்கர ஆரக்கால்களுக்கு இடையே பனி திணிந்து தொல்லை தரவே, பின்னர் ஆரக்காலற்ற தட்டுச் சக்கரங்களைப் பொருத்தினார். 1942 இல் பன்னிருவர் அமரும் வண்டி பிறந்தது. மருத்துவரும் அஞ்சலும் பள்ளிப் பிள்ளைகளும் பனியின்மீது செல்லலாயினர்.

1948 இல் சிற்றூர்ச் சாலைகளிலும் பனியை அகற்ற மாகாண அரசு முற்பட்டது. மக்களுக்கு அது நன்மை. அவர் வாணிகத்துக்கோ பேரிடி. அவர் சதுப்பு நிலங்களில் உழைக்கும் இழுவைப் பொறிகளைச் செய்யலானார். இளமையில் கண்ட கனவாகிய சிறுவண்டியையும் மறந்தாரல்லர். அவருடைய மகன் ஜெர்மேன் இணைப்பில்லாத ஒரே ரப்பர்ப் பட்டையை உருவாக்கினார்; இணைப்பு இல்லையெனில் அறுபடும் இடமும் இல்லையன்றோ? எடை குறைந்த எஞ்சின்களும் அப்போது கிடைத்தன. 1959 இல் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறுவண்டி வெளிவந்தது. முதல் ஆண்டில் 225 வண்டிகள் விற்றன. ஒன்ராறியோவின் வடகாட்டில் ஓஜிப்வே மக்களிடையே பணியாற்றிய மொரீசு ஊமே என்னும் பாதிரியாருக்கும் அவ்வாண்டே ஒரு வண்டி போய்ச் சேர்ந்தது.

1964 பிப்ரவரி 18 இல், ஐம்பத்தாறாம் வயதில், பாம்பார்டியர் புற்றுநோயால் இறந்தார். அவருடைய முதற் பட்டறை வால்கோர்ட்டு அருங்காட்சியகத்தில் பேணப்பட்டு வருகிறது.