டி ஹாவிலண்டு துரையும் எழும்பூர்த் தேவாலயமும்

எழும்பூரில் வானளாவி நிற்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் கோபுரத்தைக் கண்டு வியந்தோர் பலர். அதனை எழுப்பியவர் பெயரை அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

தாமஸ் பியாட் டி ஹாவிலண்டு 1775-ஆம் ஆண்டு கெர்ன்ஸி என்னும் சிறு தீவிற் பிறந்து, கம்பெனியாரின் சென்னைச் சேனையில் இஞ்சினீயராக அமர்ந்தவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தகாலை, காவேரிக்குச் செங்கல்லாலேயே அகன்ற வளைவுகளுடைய பாலம் அமைக்கலாம் என்றார். மேலோர் நம்பினாரில்லை. அவர் வாதாடிக்கொண்டிராது, தம் தோட்டத்திலேயே ஏறக்குறைய 100 அடி அகலத்திற்கு ஒற்றை வளைவொன்று கட்டிக் காட்டினார். பாலம் எழவில்லை, வளைவோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

1809-இல் நிகழ்ந்த சேனை அதிகாரிகளின் கலகத்திற் சிக்கி உத்தியோகமிழந்தார். சில ஆண்டுகளில் மீண்டும் பெற்றார். கால்டுவெல் என்னும் இஞ்சினீயர் வரைந்த படத்தின்படி செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தை 1815-இல் கட்டி முடித்தவர் இவரே. 1818-இல் இவர் மனைவி எலிசபெத்து அம்மையார் காலஞ்சென்று அவ்வாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயினார்.

அத்துயர ஆண்டிலேயே, ஏப்ரல் 6-ந் தேதி, ஸ்காட்லாந்து சபையாருக்கென எழும்பூர் ஆலயத்திற்கு அஸ்திவாரமிடப்பட்டது. கூவம் அருகிலுள்ள அந்நிலமோ மழைக்காலத்தில் நீர் ஊறிக் குழையும் களிமண். பெருங்கட்டடம் அங்கே எங்ஙனம் நிற்கும்? துரையவர்கள் சீமை நூல்களை நாடாது, நம் நாட்டார் கைக்கொண்ட உறைகிணற்று முறையை மேற்கொண்டார். சுமார் 150 கிணறுகள், 14 அடி முதல் 50 அடி வரை ஆழத்தில் இறக்கப்பட்டன. அவற்றின்மேலேயே ஆலயம் முழுதும் அமர்ந்திருக்கின்றது. கோபுரத்தைப் புகழ்வோர் மண்ணுள் மறைந்த இக்கிணறுகளை நினையாதது எமக்குக் குறையாகவே தோன்றுகின்றது.

முகப்பு லண்டன் செயிண்ட் மார்ட்டின் ஆலயத்தைத் தழுவியதாயினும், உட்புறம் வட்டவடிவம். 16 தூண்கள் தாங்கும் கும்மட்டம் செங்கல்லால் ஆயது. 51½ அடி அகலமுடையது. அண்ணாந்து நோக்குவார்க்கு அது நீலவானில் பொன் மீன்கள் பதித்தாற்போல் விளங்கும். கோபுரம் 166½ அடி.

1821-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி ஆலயம் திறக்கப்பெற்றது. சில ஆண்டுகளில் துரையவர்கள் தாயகம் மீண்டு, 1866-இல் கெர்ன்ஸியில் உயிர் நீத்தார். அம்மையாரின் கல்லறை சென்னையிலேயே இருக்கின்றது.