ஹோல்டர் என்னும் மனிதர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்துள்ள தொழிற்சாலைப் பிரதேசத்தில் இரவு பகலென்றில்லாமல் ஷிப்டு முறையில் யந்திரங்கள் ஓடுகின்றன. அங்கு உழைக்கும் ஒருவர் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்று வைத்தியரிடம் சென்றால், மார்பில் சில வில்லைகளை ஒட்டி, ஒரு சிறு பெட்டியை இடுப்பில் கட்டி, மறுநாள் வரச் சொல்லுவதுண்டு. ஹோல்டர் என்பது அதன் பெயர். எதையோ தாங்கிப் பிடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று எண்ணுவோர் உளர். அது ஒரு மனிதரின் பெயராகும். தொழிலாளருக்காகப் பாடுபடுவோர் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் நலமெனக் கருதுகிறோம்.

நார்மன் ஜெபரிஸ் ஹோல்டர் 1914ம் வருஷம் பிப்ரவரி 1ந் தேதி ஐக்கிய அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் ஹெலினா நகரில் பிறந்தார். நார்வேயிலிருந்து குடியேறி வர்த்தகத்தால் பொருளீட்டிய குடும்பம் அது. அவர் பௌதிகமும் ரசாயனமும் கற்றவர், வைத்தியர் அல்லர். இரண்டாவது உலக யுத்தத்தில் கடற்படைக்காகக் கடலலைகளை ஆராய்ந்தார். 1946ல் பிகினித் தீவில் அமெரிக்கர் அணுகுண்டை வெடித்தபொழுது, எழுந்த அலைகளை அளந்த குழுவுக்குத் தலைமை வகித்தார். (அத்தீவின் குடிகள் தம் மண்ணை இழந்தது வேறொரு துயரக் கதை.) அடுத்த வருஷமே சொந்த ஊரில், பெரும்பாலும் குடும்பப் பணத்தைக் கொண்டு, ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார். பின்னாளில் அது ஒரு பழைய ரயில் நிலையத்தில் நடைபெற்றது.

இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் வித்தையை உலகுக்கு அளித்தவர், ஜாவாத் தீவில் பிறந்த டச்சு விஞ்ஞானி ஐந்தோவன். அதற்காக 1924ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய யந்திரமோ ஓர் அறையை அடைத்து நின்றது. நோயாளி உப்புநீர்ப் பாத்திரங்களில் கைகாலை வைத்து அசையாதிருக்க வேண்டும். யந்திரம் சிறுத்த பின்னும் அசையாமை மாறவில்லை. இருதயமோ நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. படுக்கையில் பத்து விநாடி எடுக்கும் பதிவு அவற்றுள் பத்துப் பன்னிரண்டையே காட்டும். சுமை தூக்கும்பொழுதும் கோபம் கொள்ளும்பொழுதும் நேர்வதை அது எங்ஙனம் அறியும்?

இக்கேள்வியே ஹோல்டரைப் பற்றிக்கொண்டது. 1947ல் அவர் செய்த முதற் கருவி, இருதய மின்னலையை ரேடியோ மூலம் ஒலிபரப்பியது. அதன் எடை 85 ராத்தல், அதாவது சுமார் 38 கிலோ. அதைத் தம் முதுகிலேயே சுமந்துகொண்டு, நிலையாக நின்ற சைக்கிளை மிதித்தார். டிரான்சிஸ்டர் வந்த பின் சுமை குறைந்தது. ஒலிபரப்பைப் பெறும் யந்திரத்திற்கு அருகிலேயே மனிதன் இருக்கவேண்டிய தொல்லையும், காந்த நாடாவில் பதியத் தொடங்கியதும் நீங்கிற்று. பல மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து பார்ப்பது? நாடாவை 60 மடங்கு வேகத்தில் ஓட்டி, ஒரு மணி நேரத் துடிப்பை ஒரு நிமிஷத்தில் கண்ணாலும் காதாலும் ஆராயும் வழியையும் கண்டார். 1961ல் இம்முறையை உலகறிய வெளியிட்டார். சில வருஷங்களில் கருவி விற்பனைக்கும் வந்தது. 1983ல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவருடைய கருத்தின் உயிர்நிலை யாதெனில், மனிதன் தன் வழக்கமான அலுவலைச் செய்துகொண்டிருக்கையில் இருதயத்தைப் பார்க்கவேண்டும் என்பதே. பெட்டியைக் கட்டிய தொழிலாளி அன்று வீட்டில் படுத்துவிட்டால், பதிவில் கிடைப்பது ஓய்வின் கணக்குத்தான். வலிய காந்தமும் உயர் மின்னழுத்தமும் உள்ள இடங்களைத் தவிர்த்து, ஏனைய இடங்களில் அதை அணிந்தே வேலை செய்யத் தொழிற்சாலை நிர்வாகங்கள் அனுமதிக்க வேண்டும். இன்ன மணிக்கு இன்ன செய்தேன், இன்னது உணர்ந்தேன் என்று குறித்துக்கொள்ளவும் அவகாசம் தர வேண்டும். அக்குறிப்பு இல்லாத பதிவு பாதிப் பதிவே. இதைத் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெறலாம்.

வைத்தியக் கருவிகளுக்கென்றே பூங்கா அமைக்க மத்திய சர்க்கார் 2021ல் தெரிந்தெடுத்த நான்கு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதற்குக் குறிக்கப்பட்ட இடம் ஒரகடத்தில் 350 ஏக்கர். இப்பெட்டியை அங்கே செய்யும் கைகளுக்கும், அதை அணியும் நாள் வந்தால் மேற்சொன்ன உரிமை இருத்தல் வேண்டும்.