மிருதங்கத்துக்குள் புகுந்த விஞ்ஞானி!



திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சிறுமலைப் பக்கம் இருக்கிறது காந்திகிராமம். அந்தப் பக்கத்து ஊர்களில் கோவில் திருவிழா வந்துவிட்டால், கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பிவிடும். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலே போதும். நாலு தெரு தாண்டிக் கேட்கும். ஆனால், அதில் 'கணீர்' என்ற சத்தம்தான் வரும். 'தும்... தும்...' என்ற கனமான சத்தம் வராது.

அதற்கு உங்கள் அப்பாவும் மாமாவும் சின்ன வயதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் உட்கார வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான்... வீடே 'தும் தும்' என்று அதிரும்!

வெறும் பானைக்கு எப்படி அந்தச் சக்தி வந்தது? இதற்கு விடை தெரிய வேண்டுமானால், ஒரு பெரிய மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கியவர் என்று அவரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் விழுந்து விழுந்து ஆராய்ந்தது ஒலியைத்தான். யார் தெரியுமா? நம் சர் சி.வி.ராமன்!

திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7ம் தேதி பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகரன், கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். வயலினும் நன்றாக வாசிப்பார். அதனால், வீட்டில் புத்தகமும் இருந்தது; இசையும் இருந்தது.

ராமன் படிப்பில் படுசுட்டி. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904ல் பி.ஏ., முடித்தபோது அவருக்கு வயது 15தான்! அந்த நாட்களில், ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியைப் பற்றி எழுதிய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ், வாயுள்ள உருண்டைக் கூடுகளைச் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு கூடும் ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் பதில் சொல்லும். கூடு பெரிதாக இருந்தால் கனமான சுருதி. சிறிதாக இருந்தால் மெல்லிய சுருதி. பார்க்கப்போனால் அதுவும் ஒரு பானைதானே! அந்தப் புத்தகம் ராமனின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் விஞ்ஞானி என்று ஒரு வேலையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எனவே, 1907ல் நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பிடித்தார் ராமன். கொல்கத்தாவில் பெரிய உத்தியோகம். கை நிறையச் சம்பளம். வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரி அம்மாள் அவருக்கு மனைவியாக அமைந்தார். வேறு ஒருவராக இருந்தால், அதோடு நிம்மதியாக இருந்திருப்பார்.

ராமனால் முடியவில்லை. கொல்கத்தா பவ்பஜார் தெருவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் இருந்தது. அதன் ஆய்வுக்கூடம் ஆளில்லாமல் கிடந்தது. விடியற்காலையில் அங்கே போவார். பிறகு வீட்டுக்கு ஓடி வந்து குளித்து, சாப்பிட்டு, அலுவலகம் போவார். மாலையில் மறுபடியும் ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவு வெகுநேரமாகிவிடும். இப்படியே பல ஆண்டுகள்!

விலை உயர்ந்த கருவிகள் அங்கே இல்லை. அதனால் என்ன? நம் வீட்டில் இருக்கும் வயலின், வீணை, மிருதங்கம் இவற்றையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

மனிதன் வயலின் வாசித்தால், வில்லின் அழுத்தமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது? அதனால், வயலின் வாசிக்கும் ஓர் இயந்திரத்தையே செய்துவிட்டார் ராமன். அதில் வேடிக்கை என்ன தெரியுமா? வில் ஓரிடத்தில் நிற்கும். வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்!

வயலின் குடும்பத்துக் கருவிகளில் ஒரு தொல்லை உண்டு. ஏதாவது ஒரு சுரம் மட்டும் இனிமையாக ஒலிக்காமல் உறுமும். அதற்கு, 'ஓநாய் சுரம்' என்று பெயர். தந்தியின் சுருதியும், மரக்கூட்டின் சொந்தச் சுருதியும் ஒன்றாகிவிட்டால், இரண்டும் மல்லுக்கட்டும். அதுதான் அந்த உறுமல். இதையும் ராமன் ஆராய்ந்து எழுதினார். பெட்டியின் அளவு சரியில்லாத ஸ்பீக்கரில், ஒரு குறிப்பிட்ட 'தும்' மட்டும் காதைக் கிழிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அங்கேயும் கூட்டுக்குச் சொந்தச் சுருதி இருப்பதுதான் காரணம்.

அடுத்து, மிருதங்கம். சாதாரண மேளத்தைத் தட்டினால், அதிலிருந்து ஒரே நேரத்தில் பல ஒலிகள் கிளம்பும். அவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதனால் சத்தம்தான் வரும், சுருதி வராது. ஆனால், மிருதங்கம் சுருதியோடு பேசுகிறதே... எப்படி?

தோலின் மீது மெல்லிய மணலைத் தூவி, தட்டிப் பார்த்தார் ராமன். அதிராத இடங்களில் மணல் கோடு கோடாகச் சேர்ந்தது. அந்தக் கோடுகள் ரகசியத்தைச் சொல்லின. வலது பக்கத் தோலின் நடுவில் கருப்பாக ஒரு வட்டம் பூசியிருப்பார்கள் அல்லவா? அந்த எடையால், தோலின் அதிர்வுகள் ஒழுங்குக்கு வருகின்றன. அடிப்படை ஒலியைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று வரிசையாக அமைந்துவிடுகின்றன. எந்தக் கல்லூரியிலும் படிக்காத நம் கைவினைஞர்கள், காதாலேயே கண்டுபிடித்த விஞ்ஞானம் இது. 1920ல் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார் ராமன். 1934ல் இன்னும் விரிவாக எழுதினார்.

இன்னொன்றும் கவனியுங்கள். மிருதங்கத்தின் வலது பக்கம் மெல்லிய ஒலி. 'தொப்பி' எனப்படும் இடது பக்கம் கனமான ஒலி. நல்ல ஸ்பீக்கர் பெட்டியிலும் இதே வேலைப் பங்கீடுதான்! கனமான ஒலிக்குப் பெரிய ஊஃபர்; மெல்லிய ஒலிக்குச் சின்ன ட்வீட்டர். எது எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப, நடுவில் 'கிராஸ் ஓவர்' என்ற காவல்காரர் இருப்பார். அவரிடம் உள்ள கம்பிச்சுருள் மெல்லிய ஒலியைத் தடுத்து, கனமானதை ஊஃபருக்கு விடும். கண்டென்சர் கனமானதைத் தடுத்து, மெல்லியதை ட்வீட்டருக்கு விடும்.

இப்போது பானைக்கு வருவோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது, பின்பக்கம் காற்று இழுபடும். பெட்டி இல்லாவிட்டால், பின்னால் வரும் கனமான ஒலி, சுற்றி வந்து முன்னால் உள்ள ஒலியை அழித்துவிடும். பானை அதைத் தன் வயிற்றுக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான், 'தும் தும்' முழுசாகக் கேட்கிறது!

சரி, ராமனின் கதைக்கு வருவோம். 1917ல் கொல்கத்தா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளமோ அரசு வேலையைவிட மிகக் குறைவு. அவர் தயங்கவில்லை. அரசு வேலையை உதறிவிட்டு, ஆராய்ச்சியின் பக்கம் வந்துவிட்டார்.

ஒலி அலையை ஆராய்ந்தவர், ஒளி அலைக்குப் போனார். 1921ல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. தன் மாணவர் கே.எஸ்.கிருஷ்ணனுடன் சேர்ந்து உழைத்து, 1928 பிப்ரவரி 28ல், 'ராமன் விளைவு' கண்டுபிடித்தார். 1930ல் நோபல் பரிசு! அறிவியலுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். 1954ல், 'பாரத ரத்னா' விருதும் வந்தது. 1970 நவம்பர் 21ல், பெங்களூரில் மறைந்தார். பிப்ரவரி 28ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

செய்து பாருங்களேன்!

ஒரே மாதிரி மூன்று கண்ணாடி பாட்டில்கள் எடுங்கள். ஒன்றைக் காலியாக விடுங்கள். ஒன்றில் கால் பாகமும், இன்னொன்றில் முக்கால் பாகமும் தண்ணீர் ஊற்றுங்கள். வாயின் விளிம்பில் மெதுவாக ஊதுங்கள். எதில் சத்தம் கனமாக வருகிறது? உள்ளே காற்று அதிகம் உள்ள பாட்டிலில்தானே! ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள், கனமான ஒலிக்குப் பெரிய பெட்டியைத் தேடுவதும் இதனால்தான்.

ராமன் ஒலி ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது, வீடுகளில் இருந்த பொருட்களைத்தான். இனி பானையைத் தட்டும்போதும், பாட்டுக் கேட்கும்போதும், 'ஏன்' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்... சரியா குட்டீஸ்!